“பொம்பளைப் படிப்புக்கு எவன் வேலை தருவான்?”

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறார். நான் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். எம்.ஏ. மகளிரியல் படிக்க ஆசை. “பொம்பளைப் படிப்புக்கு எவன் வேலை தருவான்? பி.எட். முடி, டீச்சராகலாம்” என்கிறார் தாய்மாமா. படிக்க வைப்பதும் அவர்தான். என்ன செய்ய? - ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: மாமா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறதம்மா. பள்ளிக்கூடத்தில் மகளிரியல் என்று ஒரு பாடம் கிடையாது. டீச்சர் வேலைதான் குறி என்றால் வரலாற்றோடு பி.எட். போவதே நேர்வழி. கல்லூரியில் பாடம் நடத்த என்றால், அதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதே தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் இடம் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். ஆனால் அந்தத் துறை இருக்கும் கல்லூரிகளே குறைவு, காலியிடமும் அப்படித்தான். அதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்.

மற்ற வேலைகள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர், சுயஉதவிக் குழுக்களைக் கவனிக்கும் மகளிர் திட்டம், தொண்டு நிறுவனங்கள் என்று சிதறிக் கிடக்கின்றன. பல இடங்களில் ஒப்பந்த வேலைதான். சிலர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) கேட்பார்கள். இப்போதே நாலைந்து வேலை விளம்பரங்களை எடுத்து, என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பாருங்கள். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுக்கு உங்கள் பி.ஏ.வே போதும், பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடும் உண்டு. எம்.ஏ. படித்துக்கொண்டே அதற்கும் தயாராகுங்கள்.

இனி மாமா யோசிக்காத பாதி. 1974ல் மத்திய அரசின் குழு ஒன்று, பெண்களின் எண்ணிக்கை விகிதமும் வேலைப் பங்கும் சரிந்து வருவதைப் புள்ளிவிவரத்தோடு எடுத்து வைத்தது. அதன் பிறகுதான் இந்தப் படிப்பு நம் நாட்டில் வேர்பிடித்தது. சட்டம், களஆய்வு, புள்ளியியல் எல்லாம் இதில் வரும்.

விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்களே, அந்தப் பெண்களின் வேலை எந்தக் கணக்கில் வருகிறது? காய்ந்த பாசிக்கு விலை வைப்பது யார்? 1986ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு அவர்கள் நிலை என்ன? பாசி எடுக்கும் சின்னப்பாலம் லெட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சர்வதேச சீகாலஜி விருதை 2015ல் வாங்கினாரே, அந்தப் பெண்கள் பாசி எடுப்பதில் தங்களுக்குத் தாங்களே எப்படிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்? உங்கள் ஆய்வேட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் கேள்வித்தாளோடு வாசலில் நிற்பார். உங்களுக்கோ அத்தைமாரும் சித்திமாரும் அடுப்படியில் உட்கார்ந்தே சொல்வார்கள்.

அதனால் என் யோசனை, சேருங்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம்தான் உங்களுக்குப் பக்கம், ராமேஸ்வரம் ரயிலிலேயே போய்விடலாம். திருச்சி பாரதிதாசனிலும், 1984ல் தொடங்கிய கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு. இந்த வருஷம் சேர்க்கை நடக்கிறதா, விடுதி கிடைக்குமா, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று துறையிலேயே கேளுங்கள். மூன்றாவது கேள்வியை மாமாவே கேட்கட்டும், கூட்டிக்கொண்டு போங்கள். அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தால் அது பி.ஏ.வோடு நின்றுவிடும். எம்.ஏ. செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காமல் மாமாவிடம் பேசுங்கள்.