நம்பர் சொன்னால்தான் பில்லா?

கேள்வி: போன மாதம் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய துணிக்கடையில் இரண்டு துண்டும் ஒரு சாரமும் (லுங்கி) வாங்கினேன். மொத்தம் 640 ரூபாய். பில் போடும் இடத்தில் இருந்த பெண் செல் நம்பர் கேட்டது. தர மாட்டேன் என்றேன். "நம்பர் போடாம பில் வராது சார்" என்றது. எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டுவிட்டேன். பின்னால் நின்றவர்கள், "சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார்கள். கடைசியில் வாயில் வந்த பத்து எண்ணைச் சொல்லிவிட்டு வந்தேன். "ஒரு நம்பருக்கா இவ்வளவு வம்பு" என்கிறாள் என் மனைவி. நம்பர் தர மறுக்க எனக்கு உரிமை உண்டா? இல்லை, நான்தான் வீண் வம்பு செய்கிறேனா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்களுக்கு உரிமை உண்டு. வம்பு செய்தது அந்தக் கடைதான். ஆனால் நீங்களும் இரண்டு தப்பு செய்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

துண்டுக்கும் சாரத்துக்கும் 640 ரூபாய் என்று விலை போட்டது கடை. அதை நீங்கள் எண்ணி வைத்துவிட்டீர்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது. வாங்கிய காசுக்குக் கடைக்காரர் தர வேண்டிய அத்தாட்சிதான் பில். அதைக் கொடுப்பதற்கு இன்னொன்றைக் கேட்க அவருக்கு வழியே இல்லை. ஏதோ அரசாங்கமே நம்பர் கேட்கச் சொன்னதுபோலப் பல கடைகளில் பேசுகிறார்கள். ஜிஎஸ்டி விதியை எடுத்துப் பாருங்கள். உங்களையும் என்னையும்போல ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் 50,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால், பில்லில் பெயரும் முகவரியும்கூடக் கட்டாயம் இல்லை. அந்தத் தொகையைத் தாண்டினாலும் விதி கேட்பது பெயரும் முகவரியும்தான். செல் நம்பர் இல்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் நகை வாங்கினால் பான் எண் கேட்பார்கள். அது வருமான வரிச் சட்டம், கொடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு துண்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நம்பர் இல்லாமல் பில் போட முடியாது என்று கடைகள் சொல்வதாகப் புகார்கள் போனதால், 2023 மே மாதம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கும் வணிக அமைப்புகளுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. பில்லுக்கு நம்பரைக் கட்டாயமாக்குவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தத் துறையின் செயலரே பத்திரிகைகளிடம் சொன்னார். 2019-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், பில் தராமல் இருப்பதும் நியாயமற்ற நடைமுறைதான். நீங்கள் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்ட வழி இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் மனைவி கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு நம்பர்தானே?

போன தீபாவளிக்கு முந்தின வாரம் டவுன் ரத வீதியில் ஒரு கடையில் பில் போட நின்றேன். எனக்கு முன்னால் காலேஜ் படிக்கிற வயதில் ஒரு பெண், தனியாக வந்திருந்தாள். நம்பர் கேட்டதும் மெதுவாகச் சொன்னாள். கடைக்குள் பாட்டுச் சத்தம். பில் போடுகிறவருக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லும்மா" என்றார். சொன்னாள். சரிபார்க்க அவர் ஒரு தடவை திருப்பி வாசித்தார். அப்புறம் பெயர் கேட்டார், அதையும் சொன்னாள். சுற்றிலும் பதினைந்து பேராவது இருந்திருப்போம். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பையன்களில் ஒருவன் போனைக் கையில் எடுத்தான். நான் திரும்பிப் பார்த்ததும் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் வீட்டுக்குப் பேச எடுத்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் பையை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. சில சின்னக் கடைகளில் கோடு போட்ட நோட்டு ஒன்றை மேஜையில் விரித்து வைத்து, பெயர், ஊர், செல் என்று நம்மையே எழுதச் சொல்கிறார்கள். நமக்கு முன்னால் எழுதிய இருபது பேருடைய நம்பரும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. பேனாவை வாங்குகிற யாரும் படிக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எங்கள் வீட்டில் நடந்தது. என் சித்தி பாளையங்கோட்டையில் இருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்தபோது கடையில் ஓர் அட்டையைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பெயர், செல், பிறந்த நாள், கல்யாண நாள். சித்தப்பாதான் தன் கையால் நிரப்பிக் கொடுத்தார். அவர் தவறி நான்கு வருஷம் ஆகிறது. அவர்கள் கல்யாண நாள் அன்று காலையில் முதல் ஆளாக அந்தக் கடையிலிருந்து செய்தி வந்துவிடும். தம்பதியருக்கு வாழ்த்து, கீழே செய்கூலியில் தள்ளுபடி. நேரில் போய் நிறுத்தச் சொன்னோம். "அது ஹெட் ஆபீஸ்ல இருந்து வருது, எங்க கையில இல்ல" என்றார்கள். இப்போதெல்லாம் சித்தி முந்தின ராத்திரியே போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிடுகிறார். மறுநாள் முழுக்க அவரிடம் யாரும் பேச முடியாது, பெற்ற மகள்கூட.

அதனால் ஒரு நம்பர்தானே என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது நம்பரோடும் நிற்பதில்லை. "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறார்கள். இதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துகின்றன. கடையிலோ, ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்க வந்த ஆச்சியிடம் சலுகைப் புள்ளி ஏற்றுவதற்காக அதே ஓடிபியைக் கேட்டு வாங்குகிறார்கள். யாராவது கேட்டால் போனைப் பார்த்து ஆறு எண்ணையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அந்த ஆச்சிக்குப் பழகிவிடுகிறது. நாளைக்கு எவனோ ஒருவன் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று போன் போட்டால், அதே பழக்கத்தில் அவனுக்கும் வாசிப்பார். அப்படிப் பணம் போனால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும் என்பதை வீட்டில் பெரியவர்கள் இருக்கிற எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் தப்புக்கு வருவோம்.

அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டது முதல் தப்பு. நம்பர் கேட்பது என்று முடிவு செய்தது அது இல்லை. இன்றைக்கு எத்தனை நம்பர் வாங்கினாய் என்று சாயங்காலம் அதைத்தான் கேட்பார்கள். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற இந்தப் பிள்ளைகள் உட்கார ஒரு இருக்கை கொடுங்கள் என்பதற்கே 2021-ல் நம் சட்டமன்றத்தில் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. உங்கள் கோபம் நியாயம். அது போய்ச் சேர வேண்டிய இடம் மேனேஜர் அறை.

இரண்டாவது, வாயில் வந்த பத்து எண். அது கோவில்பட்டியிலோ கோயம்புத்தூரிலோ யாரோ ஒருவருடைய நம்பராக இருக்கும். இனிமேல் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் அந்தக் கடைச் செய்தி அவருக்குப் போகும். உங்கள் தலைவலியைத் தூக்கி முன்பின் தெரியாத ஓர் ஆள் தலையில் வைத்துவிட்டீர்கள். தர விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்று சொல்லுங்கள், பொய் நம்பர் வேண்டாம்.

நம்பர் கொடுக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. பிரிட்ஜ் வாங்கினால் வீட்டில் இறக்க வருகிறவர் கூப்பிட வேண்டும். தையல் கடையில் சட்டை தயாரானால் சொல்ல வேண்டும். அங்கெல்லாம் கொடுங்கள். எதற்கு என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வர வேண்டும், அவ்வளவுதான். துண்டு வாங்கியதற்கு அப்படி ஒரு பதில் அந்தக் கடையில் யாரிடமும் இருக்காது.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். "நம்பர் தர விருப்பமில்லை, பில் மட்டும் போதும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். சிஸ்டம் நகராது என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் நகர்ந்துவிடும், மேனேஜர் வந்து கடையின் நம்பரையே அடித்து பில் எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்படியும் மறுத்தால் கடைப் பெயர், தேதி, நேரம் எல்லாம் குறித்துக்கொண்டு 1915-க்கு அடியுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம்.

ஏற்கெனவே நம்பர் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்கள், ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். விளம்பரச் செய்திகள் அடங்கும். ஆனால் நீங்களே சம்மதம் கொடுத்த கடையை அது தடுக்காது. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். வாட்ஸ்அப்பில் வருவதும் இதற்குள் அடங்காது, அங்கே பிளாக் செய்துவிடுங்கள்.

அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு வருஷம் கழித்து, 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் என்றால் கட்டாயமில்லாமல், நிபந்தனை இல்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும், வேலைக்குத் தேவையான விவரத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை நீங்கள் தமிழிலேயே கேட்டு வாங்கவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. நிறுவனங்களுக்கான முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் வேறு கொடுத்தார்கள். இவ்வளவு காலம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நம் நம்பரை வாங்க அவர்களுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நம் பக்கத்துக் கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் எந்தத் தெருவில் பலசரக்குக் கடை இருந்தாலும் அதை அண்ணாச்சி கடை என்றுதான் சொல்கிறார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போனவர்கள் உழைத்து வாங்கிய பெயர் அது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்கள் தெருக் கடையில் அப்பாவுக்குப் பற்று இருந்தது. மாசக் கடைசியில் எவ்வளவு என்று கேட்டுவர என்னை அனுப்புவார். கடையில் ஆள் நின்றால் அண்ணாச்சி என்னைப் பேசவே விட மாட்டார். எல்லோரும் போன பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, எங்கள் பக்கத்தைத் திருப்பி, மற்ற வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, தொகையை விரலால் தொட்டுக் காட்டுவார். வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த நோட்டில் தெருவில் பாதிக் குடும்பத்தின் கஷ்டம் இருந்தது. ஒரு வரி வெளியே போனதில்லை. கம்ப்யூட்டரும் கேமராவும் வைத்திருக்கிற உங்களால் அந்த அளவுக்காவது முடிய வேண்டும்.

அம்பாசமுத்திரம் வாசகரே, நல்ல நாள் பெரிய நாள் வந்தால் நீங்கள் மறுபடி வண்ணாரப்பேட்டைக்குத்தான் துணி எடுக்க வருவீர்கள். அந்தக் கடைக்கே போங்கள். அந்தப் பெண் இருந்தால், "அன்னைக்குச் சத்தம் போட்டுட்டேம்மா, மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் நம்பர் கேட்டால், தர மாட்டேன் என்று அதே இடத்தில் நில்லுங்கள். வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேனேஜர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.