கிராமத்துக் குழந்தைகளின் இலவசக் கண் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தால் உண்மையிலேயே பயன்படுமா?

கட்டாயம் பயன்படும். ஆனால் கொடுப்பதற்கு முன்னால், ஆபரேஷன் முடிந்த பிறகு அந்தக் குழந்தையை எத்தனை வருஷம் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. ஒரே ஒரு குழந்தையோடு மூன்று வருஷம் அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவள் ஒன்றாம் வகுப்புக்கு வந்தபோதே இடது கண் லேசாக வெளிப்பக்கம் ஒதுங்கியிருக்கும். "மாறுகண்ணு யோகம் டீச்சர், அதுல போய்க் கைய வைக்கலாமா" என்றார் அவள் அப்பத்தா. நானும் விட்டுவிட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. சில மாதம் கழித்து அவள் தம்பிக்குக் காதுகுத்து. போனில் ஃபிளாஷ் போட்டு அவளை ஒரு படம் எடுத்தேன். வலது கண்மணி சிவப்பாக விழுந்திருந்தது, எல்லாருக்கும் விழுகிற மாதிரி. இடது மட்டும் வெள்ளை, பால் சொட்டு விட்டது போல. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம், விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயமே இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மதுரை போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கண்புரைதான் என்றார்கள். கண்புரை என்றதற்குச் சந்தோஷப்பட்ட அம்மாவை அன்றுதான் பார்த்தேன்.

வயசானவர்களுக்குப் பார்வை மங்கினால் அவர்களுக்கே தெரியும், ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குத் தானாக வந்து வரிசையில் நிற்பார்கள். பிறந்ததிலிருந்தே ஒரு கண்ணில் மங்கலாகத் தெரியும் குழந்தைக்கு, உலகமே இப்படித்தான் என்று நினைப்பு. அது யாரிடம் போய் என்ன சொல்லும்? இருக்கிற நல்ல கண்ணை வைத்து ஓடி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும், சோம்பல் கண் என்பது அதுதான். அடர்த்தியான புரையோடு பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு, மூன்று மாதத்துக்குள்ளேயே ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்கிறார்கள். நாங்கள் போனது ஆறாவது வயசில்.

தமிழ்நாட்டில் இலவசக் கண் ஆபரேஷனுக்கு ஒரு பெரிய வழி போட்டுவைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து 58 வயசில் ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதை வைத்து, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்வது என்ற ஏற்பாடு. 1992இல் அவர்களுடைய ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடம் வந்து, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் இங்கேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் குழந்தைக்குச் செய்வது வேறு கதை. பெரியவர்களுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம், குழந்தைக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும், அதற்குத் தனி மருத்துவர், தனி ஏற்பாடு, அதனால்தான் செலவும் கூடுதல். சளி, காய்ச்சல் இருந்தால் மயக்கம் கொடுக்க மாட்டார்கள். எங்களை முதல் தடவை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள், அது சரியும்கூட. ஆனால் அவள் அம்மாவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அங்கிருந்து மதுரை போகிற பஸ்ஸில் உண்டு. மறுபடி கிளம்பவைக்க நான் மூன்று தடவை அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, லென்ஸும் வைத்தார்கள். நிஜமான பாடு அப்புறம்தான். கண்ணாடி போட வேண்டும், கண் வளர வளர அதன் பவரை மாற்ற வேண்டும், தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணைப் பேட்ச் ஒட்டி மூட வேண்டும், அப்போதுதான் மூளை அந்த இடது கண்ணுக்கு வேலை கொடுக்கும். முதல் வாரம் பேட்ச் ஒட்டினதும் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள், அழுதாள். "நல்ல கண்ண மூடிப் பிள்ளையக் குருடாக்குறீங்களே" என்று அப்பத்தா அதைப் பிய்த்துப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அப்புறம் அதைப் பள்ளிக்கூட வேலையாகவே ஆக்கிக்கொண்டோம். சத்துணவு சாப்பிட்டதும் ஒட்டிவிடுவேன். ஒரு தட்டில் புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்வேன். ஆரம்பத்தில் கையால் தடவித் தடவிப் பிரித்தாள். நாலைந்து மாதத்தில் ஒருநாள், தட்டைத் தொடாமல் குனிந்து பார்த்து, "இதுல ஒரு புளியங்கொட்டை ஓட்டை டீச்சர்" என்றாள்.

முழுப் பார்வை வரவில்லை. பார்வை அட்டையில் பெரிய எழுத்தே தெரியாமல் இருந்த கண்ணில் இப்போது மூன்று வரி படிக்கிறாள். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும்.

அதனால் பணம் கொடுக்கிறவர்கள் திரும்ப வருகிற பஸ் செலவுக்கும், அம்மாவின் கூலிக்கும், மாற்றுக் கண்ணாடிக்கும், பேட்சுக்கும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு யாரும் ரசீதில் பேர் போட்டுப் படம் எடுத்து அனுப்ப மாட்டார்கள், பரவாயில்லை. பணம் இல்லாதவர்கள் உங்கள் தெருவில் மாறுகண் என்று சொல்லி விட்டுவைத்திருக்கும் பிள்ளை இருந்தால் அவர்கள் வீட்டில் போய்ப் பேசுங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டினால் மேல்சிகிச்சைக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள், பிறவிக் கண்புரை அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கிறது. ஃபிளாஷ் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்தால் முகாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த வாரமே கிளம்புங்கள்.

எங்கள் பிள்ளைக்கு அடுத்த பரிசோதனை தை கடைசியில். இந்தத் தடவை அப்பத்தாவே கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார்.