கனத்தைக் கேட்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள்

கேள்வி: குளியலறைத் தடுப்புக்குப் பூ வேலைப்பாடு செய்த ஃப்ராஸ்டட் கண்ணாடி (ஒரு பக்கத்தைச் சொரசொரப்பாக்கி மங்கலாக்கியது) போட ஆசை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. "10 மில்லிமீட்டர் கனம், யானை மோதினாலும் உடையாது" என்கிறார் ஒப்பந்தக்காரர். நம்பலாமா? பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த, ஈயப்பட்டியால் இணைத்த வண்ணக் கண்ணாடிப் பலகை ஒன்றும் இருக்கிறது. அதை அறைக் கதவில் பதிக்க முடியுமா?

பதில்: இரண்டையும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் கனத்தைக் காட்டி உறுதி சொல்கிறவரை நம்பாதீர்கள். சாதாரணக் கண்ணாடி எவ்வளவு கனமாக இருந்தாலும், உடைந்தால் கத்தி கத்தியாகத்தான் விழும். 10 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. அது குழந்தை பக்கம் சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது டஃபண்ட் கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். அந்த இறுக்கத்தால் அது சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு தாங்கும். அதையும் மீறி உடைந்தால் மழுங்கிய சிறு சில்லுகளாக உதிர்ந்துவிடும்.

ஏமாற்று நடப்பது இங்கேதான். வெட்டுவது, துளை போடுவது, பூ வேலைப்பாடு எல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணாடி சூளைக்குப் போக வேண்டும். போய் வந்த பின் அதை வெட்டவே முடியாது, நொறுங்கிவிடும். "கொண்டு வந்து வைத்துப் பார்த்து, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிச் சரிபண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அவர் கொண்டு வரப்போவது டஃபண்ட் இல்லை. அந்த ஒரு வாக்கியமே போதும், வேறு ஆளைப் பாருங்கள்.

கண்ணாடி வந்து இறங்கியதும் மூலையைப் பாருங்கள். டஃபண்ட் என்று காட்டும் அழியாத முத்திரை கண்ணாடியிலேயே இருக்க வேண்டும், ஸ்டிக்கர் கணக்கில்லை. ஒரு வீட்டில் அப்படி ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினேன், முழுசாகக் கையோடு வந்தது. அடியில் வெறும் கண்ணாடி. அந்த வீட்டுக்காரர் ஆறு மாதமாக அதற்குப் பக்கத்தில்தான் குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கிறார். கேட்டால், தொழிற்சாலை இடைத்தரகரைக் கைகாட்டும், இடைத்தரகர் பொருத்தியவரைக் கைகாட்டுவார். ரசீதில் "கண்ணாடி வேலை" என்று ஒரே வரி. தரவிதிகள் பக்கம் பக்கமாக இருந்து என்ன பயன், வீட்டுக்குள் வந்து பார்க்கத்தான் ஆளில்லையே! அதனால் ரசீதில் "டஃபண்ட்" என்ற சொல்லையும் கனத்தையும் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஃப்ராஸ்டட் பற்றி ஒரு விஷயம். மாதிரித் துண்டின் சொரசொரப்பான பக்கத்தில் ஈர விரலை வைத்து எடுங்கள். விரல் பட்ட இடம் மட்டும் தெளிந்து மறுபுறம் இருப்பது தெரியும். நுண்ணிய குழிகளைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் நேராகப் போய்விடுகிறது. குளியலறையில் சொரசொரப்பான பக்கம் உள்ளே இருந்தால், தண்ணீர் தெறித்ததும் மறைப்பே போய்விடும். சொரசொரப்பு வெளியே, வழவழப்பு உள்ளே என்று பொருத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த வண்ணப் பலகை. நான் இதுவரை சொன்னது இதற்குப் பொருந்தாது. இதைச் சூளையில் வைத்து டஃபண்ட் ஆக்கவே முடியாது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், பட்டி ஒழுகித் துண்டுகள் தனித்தனியாகக் கிடக்கும். "செய்து தருகிறேன்" என்று யாரேனும் வாங்கிப் போனால் பலகை திரும்பி வராது. உடைந்தால் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிலிம் ஒட்டுவதும் சரிப்படாது, மேடு பள்ளமான பரப்பில் அது பிடிக்காது. ஒரே வழி, பலகையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் தெளிவான டஃபண்ட் கண்ணாடி கொடுப்பது. ஒரு பக்கம் போதும் என்பார்கள். கதவுக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு, விட்டுக்கொடுக்காதீர்கள். பலகை தொடாதபடி இடையில் சின்ன இடைவெளி வேண்டும். கருத்துப்போன ஈயத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசி குழந்தைக்கு ஆகாது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் வண்ணக் கண்ணாடி உயிர் பெறும். காலையில் வெயில் விழும் அறையின் கதவு என்றால், சிவப்பும் நீலமும் தரையில் வந்து படுத்துக்கொள்ளும், அவ்வளவு அழகு! இரண்டு பக்கமும் இருட்டான நடைக் கதவில் வைத்தால் அது கறுப்புப் பலகைதான். இடத்தை முடிவு செய்துவிட்டு, மூன்று அடுக்கும் உட்காரும் அளவுக்குச் சட்டத்தில் ஆழம் இருக்கிறதா, கீல்கள் அந்த எடையைத் தாங்குமா என்று தச்சரிடம் கேளுங்கள். கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.