சனிக்கிழமை ஊசி

கேள்வி: கொரோனா காலத்தில் மகாராஷ்டிர முஸ்லிம்கள் தடுப்பூசி போட மறுத்ததால், நடிகர் சல்மான் கானைப் பிரசாரத்துக்குக் கூப்பிட வேண்டியதாயிற்றே, இது மதப் பிடிவாதம்தானே?
– வாசகர், ஈரோடு

பதில்: நடிகர் என்றீர்களே, அங்கிருந்தே வருகிறேன். நகைக்கடைக்கு நடிகர், பனியனுக்கு நடிகர், ரம்மிக்கு நடிகர் என்று நான் புலம்புவது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குச் சலித்தே போயிருக்கும். 2021 நவம்பரில் அம்மாநிலச் சுகாதார அமைச்சர் ராஜேஷ் தோபே ஊசிக்கும் ஒருவரைப் பிடித்தார். முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளில் தயக்கம் இருக்கிறது, சல்மானையும் மதத் தலைவர்களையும் வைத்துப் பேசப்போகிறோம் என்றார்.

ஆள் தேர்வில் குறை சொல்ல மாட்டேன். 2023 தீபாவளிக்கு, முஸ்லிம்கள் அதிகம் வாழும் மகாராஷ்டிர ஊரான மாலேகாவில் சல்மான் படம் ஓடிய தியேட்டருக்குள்ளேயே ரசிகர்கள் ராக்கெட் கொளுத்தி விட்டார்கள். பாலாபிஷேகத்தோடு நிறுத்திக்கொள்ளும் நம் ஆட்கள் பரம சாதுக்கள். தலைக்கு மேல் ராக்கெட் பறக்கப் படம் பார்க்கிற ஊர், ஊசி முனைக்கா நடுங்கும்?

மாலேகாவ் விசைத்தறி ஊர். ஈரோட்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தறி ஓடினால்தான் கூலி. ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த வாரக் கூலியில் துண்டு விழும். 2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்கு ஊசி திறந்தபோது, அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் முன்பதிவு கட்டாயம். அந்தத் தளமோ அப்போது ஆங்கிலத்தில் மட்டும்.

நம்பிக்கை என்று ஒன்றும் இருக்கிறது. 2006இல் அதே ஊரில் மசூதியை ஒட்டிய கபர்ஸ்தானில், அதாவது முஸ்லிம்களின் அடக்கத் தலத்தில், குண்டு வெடித்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது முஸ்லிம்களையே, வழக்கிலிருந்து விடுவித்தது 2016இல். 2020இல் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் மதப் பிரசார அமைப்பின் டெல்லி மாநாட்டைச் சொல்லி ஒரு சமூகத்தையே கிருமியாக்கினார்கள். வெளிநாட்டு தப்லீக்கினரைப் பலிகடா ஆக்கினார்கள் என்று அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளையே சொல்லிவிட்டது. வசவு ஆறுவதற்குள் "கையை நீட்டு" என்றால்?

தொற்றும் மதம் கேட்டுப் பரவவில்லை. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது, மற்ற இடங்களில் 16. பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கிறவனுக்கு ஏது சமூக இடைவெளி?

பிடிவாதம் என்கிறீர்கள். நம் விவேக் 2021 ஏப்ரல் 15இல் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில், ஊருக்குத் தைரியம் சொல்ல ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். ஊசி காரணமல்ல என்று மத்திய ஆய்வுக் குழு சொல்ல அக்டோபர் ஆயிற்று. அதுவரை முகாம் இருந்த தெருவையே சுற்றிக்கொண்டு போனவர்கள் எந்த மதம்?

அதே அக்டோபரில் தமிழ்நாட்டில் ஞாயிறு மெகா தடுப்பூசி முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்று நம்பி ஞாயிறன்று நம் மக்கள் வரவில்லையாம், அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே காரணத்தைச் சொன்னார். இவர்களுக்கு எடுத்துச் சொல்ல எந்த மதத் தலைவரைக் கூப்பிடுவது? டாஸ்மாக் சூப்பர்வைசரையா?