பழைய கம்ப்யூட்டரை மெதுவாக்காத, விலை குறைந்த ஆன்டிவைரஸ் எது?

நாலு ஜிபி ராம் உள்ள பழைய மெஷினுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது, முப்பது பென்டிரைவாவது என் கம்ப்யூட்டரில் செருகப்படும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆசிரியர் கடை வாசலிலேயே நின்று, "உங்க கடையிலதாங்க வைரஸ் ஒட்டுச்சு" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அவருடைய வினாத்தாள் ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. அந்த வைரஸ் ஃபைலை அழிக்காது, மறைத்துத்தான் வைக்கும். மீட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே 1,100 ரூபாய் கொடுத்து ஒரு ஆன்டிவைரஸ் வாங்கினேன். சர்வீஸுக்கு வந்தவர், இதுவும் இருக்கட்டும், டபுள் சேஃப்டி என்று இன்னொரு இலவச ஆன்டிவைரஸையும் ஏற்றிவிட்டுப் போனார். அங்கே பிடித்தது சனி. ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் போட்டி போட்டு அதைச் சோதிக்கும். மதியம் கூட்டம் இருக்கும்போது முழு ஸ்கேன் ஓட ஆரம்பிக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும், உள்ளே ஹார்டு டிஸ்க் கரகரவென்று ஓடும். முதியோர் உதவித்தொகைக்கு மனு அடிக்க வந்த ஒரு அம்மா, ஆதார் கார்டைக் கையில் பிடித்தபடியே இருபது நிமிஷம் நின்றுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்த அக்கா மகன்தான் இரண்டையும் கழற்றினான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது மாமா, வேறு ஆன்டிவைரஸ் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், எடுத்துவிட்டால் மறுபடி வேலை செய்யும் என்றான். அடுத்த வருட லைசென்ஸ் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், போடச் சொன்னான். நாலு நிமிஷம் எடுத்த மெஷின் இப்போது அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது. ஆக, என் மெஷின் திணறியதற்குப் பாதிக் காரணம் ஆன்டிவைரஸே இல்லை.

'இலவசத்தை நம்பலாமா?' என்று கேட்க இங்கே ஆட்கள் வருவார்கள். பத்து மெஷின் நெட்வொர்க்கில் இருக்கும் ஆபீஸுக்கு நான் சொல்லவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால், ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற சோதனைக்கூடங்கள் எது மெஷினை எவ்வளவு மெதுவாக்குகிறது என்று அளந்து வெளியிடுகின்றன, அதைப் பாருங்கள். முதல் வருட விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும்போது என்ன விலை என்றும் பாருங்கள். கிராக் செய்ததை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதிலேயே வைரஸ் வரும். எதைப் போட்டாலும் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஸ்கேன் நேரத்தை நீங்கள் வேலை செய்யாத நேரத்துக்கு மாற்றி வையுங்கள். 2017ல் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸுக்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்திருந்தது. போடாமல் விட்ட மெஷின்கள்தான் மாட்டின. அதனால் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு வந்து, சர்வர் நின்றால் என் கம்ப்யூட்டர் ஸ்லோ என்று பேசுகிறார்கள். ஒரு மாதம் அவகாசம் இருந்ததே! அதற்கு எந்த ஆன்டிவைரஸும் பொறுப்பில்லை, நானும் பொறுப்பில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தில் ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள், வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.