அவருக்குத் தெரியும் என்றால், எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

கேள்வி: அக்கா, அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட் வர வியாழக்கிழமை ஆகும். என் கணவரின் வேலை ஒப்பந்தமும் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை. "கிறிஸ்துவுக்கு நாளைக்கு நடப்பது தெரியும், பேசாமல் படு" என்கிறார் கணவர். அவருக்குத் தெரிந்து எனக்கென்ன அக்கா? தெரியாமல் தவிக்கிறவள் நான்தானே? கெட்ட செய்தி வரப்போவதும் அவருக்கு முன்பே தெரியும் என்றால், அதில் என்ன ஆறுதல் இருக்கிறது? இதில் கவலைப்படுவதே பாவம் என்று வேறு சொல்கிறார்கள்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாரத்தை இறக்கி வைத்தால்தான் மற்றதைப் பேச முடியும். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவருக்குச் சிலுவையும் தெரியும், மூன்றாம் நாளும் தெரியும். உயிர்த்தெழுவேன் என்று சீஷர்களுக்குத் தம் வாயாலேயே சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். வேர்வை இரத்தத் துளிகளைப் போலத் தரையில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். முடிவு தெரிந்தவருக்கே அந்த ராத்திரி அப்படி இருந்தது. முடிவு தெரியாத நீங்கள் 2 மணிக்கு விழித்துக் கிடப்பதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்ற வசனத்தின் முடிவையும் படியுங்கள்: "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்." பாடு உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் அவர் பேசுகிறார்.

சரி, "அவருக்குத் தெரிந்து எனக்கென்ன?" இதுதான் உங்கள் கேள்வி. நான் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் இரவுப் பணி. இந்தக் கேள்விக்குப் பதிலை நான் வார்டில்தான் கற்றுக்கொண்டேன்.

பணி மாறும்போது, "அந்த 9ஆம் கட்டில்காரருக்கு இன்று ராத்திரி மூச்சுத் திணறல் வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உடனே அந்தக் கட்டிலை எங்கள் மேஜைக்கு எதிரே தள்ளிக்கொண்டு வருவோம். ஆக்சிஜன் சிலிண்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். சளி உறிஞ்சும் இயந்திரத்தை ஒரு தடவை போட்டு அணைப்போம். நரம்பு நன்றாகக் கிடைக்கும்போதே கையில் ஊசியைப் போட்டு ஒட்டி வைப்போம். நோயாளிக்கு இதெல்லாம் எதற்கென்று தெரியாது. "ஏன் சிஸ்டர் என்னை இடம் மாற்றுகிறீர்கள்?" என்று கேட்பார். "இங்கே இருந்தால் நான் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்" என்பேன். அது பொய்யில்லை.

அப்படி மாற்றிய ஒரு பாட்டி விடியற்காலை 3 மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். தனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. "நீ எத்தனை மணிவரைக்கும் இருப்பாய்?" என்றார். "7 மணிவரை இதே நாற்காலிதான் பாட்டி" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் உடம்பைப் பற்றி ஒரு தகவலும் நான் சொல்லியிருக்கவில்லை.

லூக்கா 22ஐ இப்போது படித்துப் பாருங்கள். சீஷனான பேதுரு அன்று ராத்திரியே "அவரை அறியேன்" என்று மறுதலிப்பார் என்று ஆண்டவருக்குத் தெரியும். ஆனால் முதலில் அவர் சொல்வது அதை அல்ல. சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான் என்கிறார், "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்கிறார். அதற்கப்புறம்தான், சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலிப்பாய் என்ற பேச்சு வருகிறது. விழப்போகிறவனுக்காக விழுவதற்கு முன்பே ஜெபம் முடிந்திருக்கிறது. எழுந்த பிறகு அவன் செய்ய வேண்டிய வேலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. "குணப்பட்டபின்பு", அதாவது மனந்திரும்பி வந்தபின்பு, என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் பல ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். பேதுருவுக்கு இந்தப் பக்கம்தான் தெரிகிறது. ஆண்டவர் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார். அவர் முன்னறிவது கையில் பூட்டி வைத்த ரகசியமல்ல, தங்கையே. கட்டிலை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுகிற அறிவு அது.

கெட்ட செய்தி வந்தால்? அதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் கணவரின் ரிப்போர்ட்டை நான்தான் வாங்கப் போனேன். படிக்கத் தெரிந்தவள் என்பதால் நான்காவது வரியிலேயே புரிந்துவிட்டது. அதன்பின் 14 மாதம் இருந்தார். தம் சிநேகிதன் லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேட்டும் ஆண்டவர் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார் என்ற வசனத்தைப் பார்த்தாலே எனக்கு அந்த நாட்களில் கோபம் வரும். தெரிந்தவர் ஏன் தங்கினார்? அதை அவரிடமே கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். ஒன்று மட்டும் பிறகு கவனித்தேன். ரிப்போர்ட்டுக்கு மூன்று மாதம் முன்புதான், ஆறு வருஷமாகப் பேசாமலிருந்த என் கொழுந்தனார் வீடு தேடி வந்து அண்ணனோடு சமாதானமானார். கடைசி வாரங்களில் ராத்திரி முழுக்கக் கூட இருந்தவர் அவர்தான். அதை இன்னாருடைய ஏற்பாடு என்று யாருக்கும் நிரூபிக்க என்னால் முடியாது. எனக்கு மட்டும் சந்தேகமில்லை.

இன்னொன்று. அப்போஸ்தலர் 12இல் சீஷனான யாக்கோபை ஏரோது ராஜா பட்டயத்தால் கொன்றுவிட்டான். அடுத்தது பேதுரு என்று சிறையில் போட்டான். காவலுக்குப் 16 சேவகர். மறுநாள் வெளியே கொண்டுவரப் போகிறார்கள். அந்த ராத்திரி பேதுரு இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர் நடுவே நித்திரை பண்ணிக்கொண்டிருந்தார். தூதன் விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது! கெத்செமனேயில் விழித்திருக்க முடியாமல் தூங்கினவரும் இவர்தான். ஆனால் இந்தத் தூக்கம் வேறு மாதிரி என்று எனக்குப் படுகிறது. "நீ முதிர்வயதுள்ளவனாகும்போது" என்று உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் தம்மிடம் சொன்ன வார்த்தை, தாம் முதுமைவரை இருப்போம் என்ற வார்த்தை, அவர் நினைவில் இருந்ததோ என்னவோ. வேதம் அப்படிச் சொல்லவில்லை, நானாக நினைத்துப் பார்ப்பதுதான்.

இந்த வாரத்துக்கு: கழுத்துக் கட்டிகளில் பல புற்றுநோயே அல்ல, எதுவென்று பார்க்கத்தான் பயாப்ஸி. ஒரு தாளில் டாக்டரிடம் கேட்க வேண்டியதை இன்றே எழுதி வையுங்கள்: இது என்ன வகை, இன்னும் பரிசோதனை வேண்டுமா, சிகிச்சை எப்போது தொடங்க வேண்டும், எதற்கு உடனே ஓடிவர வேண்டும். உங்கள் கணவர் மாதக் கடைசிவரை காத்திராமல் ஒப்பந்தம் நீளுமா என்று இப்போதே மேலதிகாரியிடம் கேட்கட்டும். 7 வருஷப் பஞ்சம் வரும் என்று அறிந்த யோசேப்பு ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். 2 மணிக்கு விழிப்பு வந்தால் அழகாக ஜெபிக்கப் பார்க்காதீர்கள். "ஆண்டவரே, வியாழக்கிழமை" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும். வியாழன் முடிந்ததும் எழுதுங்கள். எது வந்தாலும் எழுதுங்கள்.

கேள்வி: முடிவு வரும் நாளைப் பற்றி, "அந்த நாளையும் அந்த நாழிகையையும் குமாரனும் அறியார்" என்று மாற்கு 13:32இல் இருக்கிறதே? அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எப்படி?

பதில்: பழைய கேள்வி இது. 4ஆம் நூற்றாண்டில் ஆரியஸ் என்ற போதகரின் பக்கம் நின்றவர்கள் இதே வசனத்தைக் காட்டித்தான் குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்றார்கள். அவர் மனிதராக வந்த நிலையிலிருந்து பேசியது இது என்று அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் பதில் எழுதினார். சபை பெரும்பாலும் அந்த வழியில்தான் போயிருக்கிறது. பசித்தவர், களைத்தவர், ஞானத்தில் வளர்ந்தவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கும்போது இதுவும் அதோடு சேர்ந்ததுதான். வாதத்தைவிட எனக்கு இதில் பிடித்தது வேறு. ஒரு நாழிகையைப் பிதாவின் கையில் விட்டுவிட்டு, அதைப் பற்றிக் கலங்காமல் நடப்பது எப்படி என்று அவர் நடந்தே காட்டியிருக்கிறார். மேலே எழுதிய தங்கைக்கு, தெரியாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்.

கேள்வி: 40 நாளில் வேலை கிடைக்கும் என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னார். 48 நாள் ஆகிவிட்டது. எனக்கு விசுவாசம் போதவில்லை என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, உபாகமம் 18:22 படியுங்கள். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று அங்கே இருக்கிறது. பழி சொன்னவர் மேல்தான், கேட்டவர் மேல் அல்ல. ஆதிச் சபையின் தீர்க்கதரிசியான அகபு பஞ்சம் வரும் என்று சொன்னபோது அந்தியோகியாவில் இருந்தவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை; யூதேயாவில் இருந்த சகோதரருக்கு உதவி திரட்டி அனுப்பினார்கள். நீங்கள் அந்த 40ஐ விட்டுவிடுங்கள். அதை நம்பி விண்ணப்பம் அனுப்பாமல் விட்ட இடங்கள் இருந்தால், நாளைக் காலையில் முதல் வேலையாக அனுப்புங்கள்.