புள்ளிங்கோ என்பது திட்டா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். லீவில் முடிக்குக் கொஞ்சம் கலர் அடித்திருந்தான். ஊரிலிருந்து வந்த என் கொழுந்தனார் "என்னடா, புள்ளிங்கோ மாதிரி இருக்கே" என்று சிரித்தார். இவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எங்கள் தெருவில் தினமும் காதில் விழுகிற சொல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கோபம் நியாயம்தான் அம்மா. சொல் ஒன்றுதான், சொன்ன வாய் வேறு.

பிள்ளைகள் என்பது பேச்சில் புள்ளைங்க ஆகி, நம்ம பக்கத்து இழுவையில் புள்ளிங்கோ ஆனது. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ "நம்ம புள்ளிங்கோ வர்றாங்க" என்றால் நம் கூட்டாளிகள் வருகிறார்கள், அவ்வளவுதான். நாற்பது வயதுக்காரரும் அதில் சேர்த்தி. அப்புறம் அது கானாவிலும் செல்போன் வீடியோவிலும் ஏறி வெளியூர் போனது. போன இடத்தில் கலர் முடி, ஒட்டின பேன்ட், சத்தம் போடும் பைக் என்று ஒரு உருவத்தை மாட்டிவிட்டார்கள், அதோடு வடசென்னைப் பையன் என்றாலே ரவுடிதான் என்ற பழைய நினைப்பும் ஒட்டிக்கொண்டது. உங்கள் மகனுக்கு வலித்தது அந்த நினைப்பு.

பிள்ளை ரொம்ப காலமாகவே ஓரிடத்தில் நிற்காத சொல். தொல்காப்பியத்தின் மரபியலில் "பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை" என்று வருகிறது, அதாவது பறவைக் குஞ்சுக்கு அந்தப் பெயர். இன்றைக்கும் கிளிப்பிள்ளை என்கிறோம். பறக்காத அணிலும் கீரியும்கூடப் பிள்ளைதான், நட்டு வைக்கும் கன்று தென்னம்பிள்ளை. வயிற்றில் குழந்தை இருந்தால் புள்ளத்தாச்சி, சூது தெரியாதவன் பச்சப்புள்ள, யாரையும் எதிர்க்காதவன் புள்ளப்பூச்சி. கிராமங்களில் கணவன் மனைவியை "ஏ புள்ள" என்று கூப்பிடுவதும் உண்டு. இத்தனையிலும் பாசமோ இரக்கமோ கொஞ்சமாவது இருக்கிறது. அதே சொல்லை ஒரு பையனைத் தாழ்த்தப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

கொழுந்தனாரிடம் நேராகச் சொல்லுங்கள், அவருக்கு இது தெரியாமலே இருக்கலாம். மகன் முன்னாலேயே சொன்னால் இன்னும் நல்லது. முடிக்குக் கலர் வேண்டாம் என்று நீங்களும் நினைத்தால், அதை வேறொரு நாள் தனியாகப் பேசுங்கள். இந்தப் பேச்சோடு சேர்க்க வேண்டாம்.